முற்றத்தில் நின்ற இன்னொரு மரம்

புக்கிட் செந்தாங் தோட்டம்,
குவாலா பிலா.
3 மார்ச் 2024

ரோகினி,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். உன் அக்கா விமலாவுக்குப் போன் அடித்தால், "அவ பேச மாட்டா. வேணும்னா லெட்டர் எழுதிப் போடுங்க" என்கிறார். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நான் ஸ்டாம்பு வாங்கப் போஸ்ட் ஆபீசுக்கே போய்விட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்தக் காலத்தில் மீசை வைத்த ஆள் ஒருவன் கையால் எழுதிக் கடிதம் போட்டால், ஒன்று கோர்ட் விவகாரம், இல்லையென்றால் பொண்டாட்டி விவகாரம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். நீ நீலாயில் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து அம்மாவுக்கு முற்றத்து பெலிஞ்சாவ் மரத்தோடுதான் சண்டை. நம் கல்யாணத்துக்கு முன்பு அது சிவக்கச் சிவக்கக் காய்த்துக் குலுங்கிய மரம். அம்மா கொட்டையை வறுத்து, தட்டி, அப்பளம் போலக் காயவைத்து ஞாயிற்றுக்கிழமை பாசாரில் விற்பார். இப்போது தளிரைக் கிள்ளித் தேங்காய்ப்பாலில் குழம்பு வைப்பதோடு சரி. பூ வைக்கிறது, அதன்பின் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது.

மிரட்டினால் காய்க்கும் என்று யாரோ சொன்னார்களாம். என் கையில் பாராங்கத்தியைக் கொடுத்து மரத்தின் முன்னால் நிறுத்திவிட்டார். நான், "வெட்டிடவா?" என்று உறுமவேண்டும். அம்மா மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஐயோ வேணாம், அடுத்த தடவ காய்ச்சிடறேன்" என்று மரத்தின் குரலில் சொல்லவேண்டும். இந்த நாடகம் நடக்கும்போது ஆட்களை மேய்க்கும் ராமசாமி மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று, "என்னா தம்பி, மரத்துக்கும் ஒன்கூடப் பேச்சுவார்த்தை இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது மரத்தில் பழைய செருப்பும் விளக்குமாறும் தொங்குகின்றன.

திலகா அக்கா மகளின் வளைகாப்பில் நடந்ததை இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவின் வாய் அப்படி. உனக்குத் தெரியாததா? பள்ளி லீவுக்காவது வந்துவிடு. வீடு வீடாக இல்லை.

புனிதன்


நீலாய்,
11 மார்ச் 2024

புனிதன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. விமலா அக்கா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நான் பிரிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அத்தை மரத்தின் குரலில் பேசிய இடத்தில் சிரித்துவிட்டேன். அதனால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தையின் வாய் அப்படி. சரி. உங்கள் வாய்க்கு என்ன ஆனது?

அன்றைக்கு நடந்ததை நீங்கள் "நடந்தது" என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். நான் எழுதுகிறேன். கூடம் நிறையப் பெண்கள். வளையல் தட்டு என் கையில். மற்றவர்கள் போல நானும் திலகா அண்ணியின் மகளுக்கு வளையல் போடக் குனிந்தேன். அத்தை எல்லோர் காதிலும் விழும்படி, "நீ தள்ளி நில்லும்மா. நீ வந்த வருசத்துலேர்ந்து எங்க முத்தத்து மரமே காய்க்கல" என்றார். என் கையிலிருந்து தட்டு வாங்கப்பட்டது. நீங்கள் வாசற்படியில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு நின்றீர்கள். வாயில் கொழுக்கட்டை. வீடியோவைக்கூட நீங்கள் நிறுத்தவில்லை.

எனக்கு எல்லாச் சோதனையும் எடுத்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. டாக்டர் உங்களை வரச்சொல்லி எவ்வளவு காலமாகிறது? ஒருமுறை உர லாரி வந்தது என்றீர்கள். இன்னொருமுறை லாரி வரவில்லை, அதனால் போகமுடியாது என்றீர்கள். அந்த லாரி வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம், பாவம்.

நீங்கள் போய்ச் சோதித்துக்கொள்ளும்வரை நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். பிள்ளைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பழி யார் தலையில் விழுகிறது என்று வேடிக்கை பார்த்து நிற்கிற ஒருவரோடு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ரோகினி


புக்கிட் செந்தாங் தோட்டம்,
20 மார்ச் 2024

ரோகினி,

நீ டீச்சர். உனக்கு எழுத வரும். எனக்கு இவ்வளவு கூர்மையாக எழுத வராது.

எங்கள் வம்சத்தில் யாருக்கும் அப்படி ஒரு குறை இருந்ததில்லை. தாத்தாவுக்கு ஒன்பது, அப்பாவுக்கு ஐந்து. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாக வேலை செய்கிறேன். பிறகு எதற்குச் சோதனை? யாராவது தெரிந்தவன் அங்கே பார்த்தால் நாளைக்குத் தோட்டம் முழுக்க என் பேச்சுத்தான்.

நானும் மரத்தோடு பிழைக்கிறவன்தான். எண்ணெய் எடுக்கிற செம்பனையில் ஒரே மரம் கொஞ்ச காலம் ஆண் பூ விடும், கொஞ்ச காலம் பெண் பூ விடும். வண்டு பக்கத்து மரத்திலிருந்து தூளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இவ்வளவு பெரிய காட்டில் ஒரு மரம் மட்டும் காய்க்கவில்லை என்றால் கோளாறு அந்த மரத்தில்தான். அதைக் கணக்கில் வைத்துப் பிடுங்கிவிடுவோம். நான் உன்னைச் சொல்லவில்லை. வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன். எழுதிமுடித்துப் படித்துப் பார்த்தால் உன்னைச் சொன்னது மாதிரித்தான் இருக்கிறது. அடித்துவிட்டால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

கோயில் திருவிழாவுக்கு முன் பெலிஞ்சாவை வெட்டிவிட அம்மா ஆள் சொல்லியாயிற்று. அது போனாலாவது இந்தப் பேச்சு போகும்.

புனிதன்


நீலாய்,
2 ஏப்ரல் 2024

புனிதன் அவர்களுக்கு,

மரத்தை வெட்டாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள். அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் போன கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். விமலா அக்கா குப்பையிலிருந்து எடுத்து ஒட்டிவைத்தார். "உன் புருஷன் முட்டாள், ஆனா எழுதினத அடிக்காம விட்டிருக்கார் பாரு" என்றார். அந்த விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

சென்ற சனிக்கிழமை பள்ளியின் நாலாம் பார வகுப்புப் பிள்ளைகளை ஒரு தாவரப் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். கூம்பு மரங்களுக்கும் பூக்கும் தாவரங்களுக்கும் உள்ள வேறுபாடு பாடம். போகும்போது பஸ்ஸிலேயே கேட்டேன், நம் ஊரில் கூம்பு மரம் எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று. எல்லோரும் ஒரே குரலில் போர்ட்டிக்சன் கடற்கரைச் சவுக்கு என்றார்கள். ஊசி ஊசியாக இலை, கீழே குட்டிக் கூம்புகள். பைன் மரம் போலவே இருக்கும், ஆனால் சவுக்கு பூக்கும் மரம். கண்ணுக்கே தெரியாத பூ, அதில் மூடிய சூலகம், அதற்குள் விதை. தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தீர்களா என்று பெருமையாகக் கேட்டேன்.

பூங்காவில் அடுத்த நிமிடமே நான் ஏமாந்தேன். கூம்பு மரங்களுக்கான பாத்தியில் பைன் இருந்தது, ஈந்து போல ஓலை விரிக்கும் பாக்கு லாவுட் இருந்தது. நடுவில் அகன்ற இலையும் சிவப்புப் பழமுமாக நம் பெலிஞ்சாவ் நின்றது. யாரோ தப்பான இடத்தில் நட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பூங்கா ஊழியரிடம் வாதாடினேன். அவர் பலகையைக் காட்டினார். வீட்டுக்கு வந்து இருந்த புத்தகத்தை எல்லாம் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி.

பூவுக்குள் சூலகம் என்று ஒரு மூடிய அறை இருக்கும். விதை அதற்குள் வளரும், அந்த அறைதான் பழமாகும். மா, ரம்புத்தான், உங்கள் செம்பனை எல்லாம் அப்படித்தான். கூம்பு மரங்களுக்கு அந்த அறையே கிடையாது. விதை முதல் நாளிலிருந்தே திறந்தபடி உட்கார்ந்திருக்கும். பெலிஞ்சாவ் அந்த வகை. அத்தை பூ என்று சொல்வது பூ அல்ல, கூம்பின் வகை. பழம் என்று சொல்வது பழம் அல்ல, விதையின் மேல்தோல்தான் சிவக்கிறது. பொழுது சாயும்போது அந்தத் திறந்த விதையின் நுனியில் இனிப்பாக ஒரு சொட்டு துளிர்க்குமாம். பூச்சி கொண்டுவரும் மகரந்தம் அதில் ஒட்டவேண்டும். ஒட்டினால் சொட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒட்டாவிட்டால் பிஞ்சு உதிர்ந்துவிடும்.

செம்பனை மாதிரி ஒரே மரம் இரண்டு வேலையும் செய்யாது. பெலிஞ்சாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பப்பாளியிலும் அப்படி உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் பப்பாளியில் ஆண் மரத்தைப் பூவைப் பார்த்தே சொல்லிவிடலாம். இதில் பார்க்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே கேட்கிறேன். நான் வருவதற்கு முன் அந்த முற்றத்தில் காய்க்காத பெலிஞ்சாவ் ஒன்று இருந்ததா? இருந்ததென்றால் அது என்ன ஆனது?

ரோகினி


புக்கிட் செந்தாங் தோட்டம்,
12 ஏப்ரல் 2024

ரோகினி,

இருந்தது.

அப்பா உயிரோடிருந்தபோது நட்ட இரண்டு மரங்கள். ஒன்று காய்த்தது. மற்றது பொடிப்பொடியாக ஏதோ விட்டு உதிர்க்கும், ஒரு கொட்டை வைத்ததில்லை. அம்மா அதைத் 'தண்டச்சோறு' என்றுதான் கூப்பிடுவார். அதை நானே வெட்டினேன். எதற்கு வெட்டினேன் தெரியுமா? நம் கல்யாணப் பந்தலுக்கு இடம் போதவில்லை. நீ வந்து இறங்குவதற்கு முந்தின வாரம் வெட்டி, அதன் அடிக்கட்டை மேல்தான் மணவறையைப் போட்டோம். நீ அதன்மேல் உட்கார்ந்துதான் தாலி கட்டிக்கொண்டாய்.

நீ வந்த வருஷத்திலிருந்து காய்க்கவில்லை என்று அம்மா சொன்னது உண்மைதான். காரணம் நீ இல்லை. நான்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இதை நம்பவே மாட்டார், கத்துவார் என்று பயந்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "கொமரியா இருக்கையில நான் செம்பனைக்குப் பவுடர் அடிச்சவடா" என்றார். வண்டு வருவதற்கு முந்தின காலத்தில், ஆண் பூத் தூளைப் பொம்பளையாட்கள் பெண் பூமேல் ஊதுவார்களாம். "ஆண் பூ பத்தலன்னா பிஞ்சு கருகிப்போவும். அது எனக்குத் தெரியாதா? முத்தத்து மரத்துக்கு அத யோசிக்கலையே" என்று சொல்லிக்கொண்டே போய்ச் செருப்பையும் விளக்குமாற்றையும் அவிழ்த்தார். வெட்ட வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பக்கத்து மலாய்க் கம்பத்து ஊரில் பாக் சிக் ஹாஷிம் வீட்டுப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது. போய்க் கேட்டேன். "ஜந்தான் லா இது, ஆம்பள மரம். வேணும்ங்கறத எடுத்துக்க" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். சாயங்காலம் கொத்துக் கொத்தாக ஒடித்துவந்து நம் மரத்தில் உதறினேன். அம்மா கீழே நின்று, "அந்தக் கெளைக்கு இன்னும் அடிடா" என்று அதிகாரம் செய்தார். நீ எழுதிய அந்தச் சொட்டைப் பார்த்தேன். வெயில் தணிந்த நேரத்தில் ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் இருந்தது. இத்தனை வருஷமாக அதே முற்றத்தில் சட்டை காயப்போடுகிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

உன்மேல் விழுந்த பழி போய்விட்டது. இப்போதாவது வருவாயா?

புனிதன்


நீலாய்,
21 ஏப்ரல் 2024

புனிதன்,

உங்கள் கடிதத்தை விமலா அக்காவிடம் படித்துக் காட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை செருப்பை அவிழ்த்த இடத்தில். அவர் பவுடர் அடித்த கதையை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மரத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது. சந்தோஷம். எனக்கு?

"பழி போய்விட்டது" என்று எழுதிவிட்டீர்கள். எங்கே போனது? மரத்தின் மேலிருந்துதான் இறங்கியிருக்கிறது. நாளைக்கு அது கொத்தாகக் காய்த்தால், "மரங்கூடக் காய்ச்சிடுச்சு, இவ இன்னும்" என்று அதே பெண்கள் சொல்வார்கள். இதை யோசித்தீர்களா? நான் மரம் இல்லை, புனிதன். என்னை மரத்தோடு சேர்த்து ஏசியதும் பிடிக்கவில்லை, மரத்தோடு சேர்த்து மன்னிப்பதும் பிடிக்கவில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. என் சோதனை ஒவ்வொன்றுக்கும் நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன். குறை என்று ஒன்று வந்தால் நீங்கள் என்னை விட்டுவிடுவீர்களோ என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். அதனால் இதைச் சொல்லிவைக்கிறேன்: உங்களிடம் குறை என்று வந்தாலும் நான் உங்களை விடப்போவதில்லை. பிள்ளையே இல்லையென்று ஆனாலும் விடப்போவதில்லை. பொய்யோடு இருக்கத்தான் முடியாது.

இதற்குமேல் கெஞ்சமாட்டேன்.

ரோகினி


புக்கிட் செந்தாங் தோட்டம்,
26 மே 2024

ரோகினி,

இத்தனை நாள் பதில் போடவில்லை. முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

சிரம்பானுக்குப் போனேன். லீவு எடுத்தேன், லாரி வந்ததா வரவில்லையா என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒரு நர்ஸ், நம் தமிழ்ப் பிள்ளைதான், ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து அறையைக் காட்டினாள். முகம் என் அத்தை மகள் மாதிரியே இருந்தது. அப்படியே ஓடிவந்துவிடலாம் என்று தோன்றியது. உன் கடைசிக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுபடி போனபோது டாக்டர் சொன்னார். குறை என்னிடம்தான். விதைப்பையில் இரத்தக் குழாய் வீங்கியிருக்கிறது, அதனால் உயிரணு மிகக் குறைவு. சின்ன ஆபரேஷன் செய்யலாம். உறுதி சொல்லமுடியாது, ஆனால் நல்ல வாய்ப்பு இருக்கிறது, வயது இருக்கிறது என்றார். ஜூனில் தேதி கொடுத்திருக்கிறார்கள். கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தால் அழுதேனா, நல்ல வாய்ப்பு என்று கேட்டதால் அழுதேனா, தெரியவில்லை.

அம்மாவிடம் உடனே சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. திலகா அக்கா மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். அன்றைக்கு வளைகாப்பில் இருந்த அதே பெண்கள். ஒருத்தி, "ரோகினி வரலையா?" என்று கேட்டாள். "எப்படி வருவா? அவளுக்குத்தான்..." என்று இன்னொருத்தி இழுத்தாள். அம்மா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "ரோகினிக்கு ஒரு கொறையும் இல்லக்கா. டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். கொற எனக்குத்தான். அடுத்த மாசம் ஆபரேஷன்" என்றேன். குழந்தை சப்புக்கொட்டியது. திலகா அக்கா எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தார்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் அம்மா, "இத எதுக்குடா நாலு பேரு முன்னால சொன்ன? என்கிட்ட சொல்லியிருந்தா போதாதா?" என்றார். "அவளப்பத்தி நாலு பேரு முன்னாலதானம்மா சொன்னீங்க" என்றேன். அப்படிப் பேசியது எனக்கே கஷ்டமாக இருந்தது. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாரமாகச் சமைத்து வைக்கிறார், பேசுவதில்லை. இன்று காலை எழுந்தால் ஆளைக் காணோம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு இப்போது வாய் வரவில்லை. நடந்ததை உன்னிடம் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

புனிதன்


நீலாய்,
26 மே 2024

என்னங்க,

அத்தை கோயிலுக்குப் போயிருப்பார் என்று விமலா அக்காவிடம் சொன்னீர்களாமே, போகவில்லை. இங்கே இருக்கிறார். நீங்கள் தேடுவீர்கள் என்று விமலா அக்கா உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டார், தெரியும். ஆனால் நடந்ததை நான் எழுதித்தான் சொல்லவேண்டும். பேசினால் பாதியில் அழுதுவிடுவேன்.

மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அத்தை. குவாலா பிலாவிலிருந்து சிரம்பானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரயில், நீலாய் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை நடை. வழியில் யாரையெல்லாம் கேட்டாரோ. முகமெல்லாம் வியர்வை, சேலை ஓரமெல்லாம் சகதி. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வாங்க என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் நினைக்கவில்லை. என்னைத் தாண்டி அவராகவே உள்ளே வந்து உட்கார்ந்தார். விமலா அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அதுவரை நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. உங்களிடம் குறை, நீங்கள் சோதனைக்குப் போனது, திலகா அண்ணி வீட்டில் சொன்னது எல்லாம் அவர் வாயால்தான் கேட்டேன். "எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டான்மா, கொற அவனுக்குத்தானாம்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனால் அதில் கோபம் இல்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில ஆபரேஷன் அன்னிக்கு ஒருத்தரத்தான் உள்ள விடுவாங்களாம். அவன் பொறந்ததுலேர்ந்து காய்ச்சல், தலவலின்னா நான்தான் பக்கத்துல இருந்திருக்கேன். இதுக்கு நான் இருக்கறதா, நீ இருக்கறதா? நீயே சொல்லு. அத கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

"நான் இருக்கேன் அத்த" என்றேன்.

தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப சோத்தப் போடு. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் எறங்கல" என்றார்.

போட்டேன். ரெண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம்.

ரோகினி